ஐஎல்-6க்கும் ஸ்டாட்3 தான், ஐஎல்-10க்கும் ஸ்டாட்3 தான், அப்புறம் ஏன் ஒண்ணு மூட்டிவிடுது ஒண்ணு அணைக்குது?

மைட்டோ_மணி:
இம்யூனாலஜி எக்ஸாமுக்கு படிச்சிட்டிருக்கேன், ஒரு இடத்துல மண்டை காயுது. ஜாக்-ஸ்டாட் பாத்வே பேசிக்கா புரியுது. சைட்டோகைன் (செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்பற சிக்னல் புரோட்டீன், ஐஎல்-6, ஐஎல்-10 எல்லாம் இந்த வகை தான்) வந்து ரிசப்டர்ல உக்காருது, உள்பக்கம் ஒட்டிட்டிருக்கிற ஜாக் என்சைம் முழிச்சுக்கிட்டு ரிசப்டரோட டைரோசின்ல பாஸ்பேட் போடுது, ஸ்டாட்ங்கற புரோட்டீன் தன்னோட எஸ்எச்2 டொமைனை (பாஸ்பேட் விழுந்த டைரோசினை புடிக்கிற பகுதி) வச்சு அங்க ஒட்டுது, அதுக்கும் ஒரு பாஸ்பேட் விழுது, ரெண்டு ஸ்டாட் ஜோடி சேந்து நியூக்ளியஸுக்குள்ள போய் ஜீனை ஆன் பண்ணுது. இதுவரைக்கும் ஓகே. ஆனா மொத்தமே 7 ஸ்டாட், 4 ஜாக், இதை வச்சுக்கிட்டு 50க்கு மேல சைட்டோகைனும் ஹார்மோனும் வேலை பாக்குதுன்னா எப்படி குழம்பாம இருக்கு? முக்கியமா ஐஎல்-6, ஐஎல்-10. ரெண்டும் மேக்ரோபேஜ்ல (கிருமியை விழுங்கற செல்) அதே ஸ்டாட்3ஐ தான் தட்டி எழுப்புது, ஐஎல்-6 இன்பிளமேஷனை (அழற்சியை) ஏத்துது, ஐஎல்-10 அடக்குது. புக்ல ரெண்டையும் ஒரே டேபிள்ல பக்கத்து பக்கத்து வரில போட்டுட்டு ஒரு விளக்கமும் இல்லாம போயிட்டாங்க. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

பிளாட்_பைத்தியம்:
நல்ல கேள்வி மணி. ஸ்டாட்3 ஆன் ஆகுதான்னு மட்டும் பாத்தா விடை கிடைக்காது, எவ்ளோ நேரம் ஆன்ல இருக்குன்னு பாக்கணும். மேக்ரோபேஜை உசுப்பிவிட எல்பிஎஸ் (பாக்டீரியா சுவர்ல இருக்கற பொருள்) குடுத்து, அதோட ஒரு டிஷ்ல ஐஎல்-6, இன்னொரு டிஷ்ல ஐஎல்-10 போட்டு, நேரத்துக்கு நேரம் செல்லை எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (ஒரு புரோட்டீன் எவ்ளோ இருக்குன்னு பேண்டா காட்டற டெஸ்ட்) ஓட்டினா, ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் பாஸ்போ-ஸ்டாட்3 (பாஸ்பேட் விழுந்து ஆன்ல இருக்கற ஸ்டாட்3) பேண்ட் நல்லா கருப்பா இருக்கும். நேரம் ஆக ஆக ஐஎல்-6 பக்கம் வெளுத்துடும், ஐஎல்-10 பக்கம் அப்படியே நிக்கும். கீழ டோட்டல் ஸ்டாட்3 பேண்டை பாத்தா எல்லா லேன்லயும் ஒரே மாதிரி தான் இருக்கும், அதாவது புரோட்டீன் எங்கயும் போகல, பாஸ்பேட் தான் போயிடுச்சு.

இதுக்கு காரணம் சாக்ஸ்3ங்கற பிரேக் புரோட்டீன். ஸ்டாட்3 ஆன் பண்ற ஜீன்கள்ல இதுவும் ஒண்ணு, அது புரோட்டீனா வந்ததும் ஐஎல்-6 ரிசப்டரோட ஜிபி130 பகுதில 759ஆவது டைரோசின்ல போய் உக்காந்து ஜாக்கை நிறுத்திடும். ஐஎல்-10 ரிசப்டர்ல சாக்ஸ்3 உக்கார இடமே கிடையாது, அதனால அங்க சிக்னல் நீளமா ஓடுது. 2003ல எலி மேக்ரோபேஜ்ல சாக்ஸ்3 ஜீனை எடுத்துட்டு பாத்தப்ப ஐஎல்-6ஏ ஐஎல்-10 மாதிரி இன்பிளமேஷனை அடக்க ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு இந்த ஃபீல்டுலயே ரொம்ப பிடிச்ச எக்ஸ்பெரிமெண்ட் இது தான்

குரோமாட்டின்_குமாரி:
பிளாட் சொன்னது சரி, ஆனா நேரம் மட்டும் தான் காரணம்னு எழுதிடாத மணி. அதே 2003ல வந்த மத்த பேப்பர்கள்ல, சாக்ஸ்3 இல்லாத செல்லுக்கு ஐஎல்-6 குடுத்தா ஸ்டாட்1உம் சேந்து ஏறி இன்டர்ஃபெரான் (வைரஸ் மாதிரி கிருமிக்கு எதிரா வர்ற சைட்டோகைன்) குடுத்த மாதிரி ஜீன்கள் ஆன் ஆச்சு. அதாவது சாக்ஸ்3 நேரத்தை மட்டும் குறைக்கல, எந்த ஸ்டாட் எவ்ளோ எழும்பணும்ங்கறதையும் புடிச்சு வைக்குது.

இன்னொண்ணு, எந்த செல்லுங்கறது பெரிய விஷயம். அதே ஸ்டாட்3 டி செல்லுல எழும்பினா அந்த செல்லு டிஎச்17 (பூஞ்சை, பாக்டீரியாவை எதிர்க்கிற டி செல் வகை) பக்கம் போகும், ஏன்னா அங்க திறந்து கிடக்கிற டிஎன்ஏ வேற, கூட நிக்கிற மத்த ஃபேக்டர்கள் வேற. அப்புறம் ஐஎல்-10 வந்தா ஸ்டாட்3 நேரா போய் டிஎன்எஃப் (இன்பிளமேஷனை ஏத்தற இன்னொரு சைட்டோகைன்) ஜீன்ல உக்காந்து அதை மூடுதுன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அப்படி இல்ல, அது வேற சில ஜீன்களை ஆன் பண்ணி அந்த புரோட்டீன்கள் வழியா தான் அடக்குது. எக்ஸாமுக்கு மீதி வேணும்னா சைட்டோகைன், அதோட ஸ்டாட், அது உருவாக்கற டி செல் வகைன்னு ஒரே மூச்சுல: ஐஎல்-12 ஸ்டாட்4 டிஎச்1, ஐஎல்-4 ஸ்டாட்6 டிஎச்2, ஐஎல்-2 ஸ்டாட்5 டிரெக் (இம்யூனிட்டியை அடக்கி வைக்கிற டி செல்). வைரஸுக்கு எதிரா டைப் 1 இன்டர்ஃபெரான் வந்தா ஸ்டாட்1உம் ஸ்டாட்2உம் ஐஆர்எஃப்9ங்கற புரோட்டீனோட சேரும், டெங்கு வைரஸ் தன்னோட என்எஸ்5 புரோட்டீனை வச்சு அந்த ஸ்டாட்2ஐ தான் அழிக்குது, எங்க அடிச்சா விழும்னு அதுக்கு நல்லாவே தெரியுது

வார்டு_டாக்டர்:
கிளினிக்கல் பக்கத்துல இருந்து ஒண்ணு சேக்கறேன், உங்க கேள்விக்கு நேரா சம்பந்தம் இருக்கு. ஸ்டாட்3 ஜீன்ல மியூட்டேஷன் இருந்தா ஹைப்பர் ஐஜிஇ சிண்ட்ரோம்னு, ஐஜிஇ ஆன்டிபாடி எகிறி நிக்கற ஒரு வியாதி வரும், ஜீன் இதுதான்னு 2007ல கண்டுபிடிச்சாங்க. ரெண்டு காப்பில ஒண்ணு தான் கெட்டிருக்கும், ஆனாலும் வியாதி வரும், ஏன்னா ஸ்டாட் ஜோடியா தான் வேலை செய்யும், ஜோடில ஒண்ணு நொண்டினா ரெண்டும் நின்னுடும். நல்லதும் கெட்டதும் பாதி பாதி இருந்தா, ரெண்டும் நல்லதா அமையற ஜோடி நாலுல ஒண்ணு தான்.

இந்த பேஷண்டுக்கு ஸ்டாஃப் பாக்டீரியாவால கட்டி வரும், உள்ள சீழ் இருக்கும், ஆனா தொட்டா சூடு இருக்காது, சிவப்பு இருக்காது, காய்ச்சலும் பெருசா இருக்காது. ஐஎல்-6 சொல்றது செல்லுக்கு சரியா கேக்கலைன்னா இப்படித்தான். டிஎச்17 குறைவா இருக்கறதால வாயில கேண்டிடா பூஞ்சையும் வரும், பால் பல்லு விழாம நிக்கறது கூட உண்டு. ஆச்சரியம் என்னன்னா ஸ்டாட்1 ஓவரா வேலை செய்ற மியூட்டேஷன் இருந்தாலும் அதே கேண்டிடா வருது, ஸ்டாட்1 ஏறினா டிஎச்17 அமுங்கிடுது

சும்மா_படிக்கறவன்:
அப்போ ஆர்த்ரைட்டிஸ் மாதிரி வியாதிக்கு நேரா ஸ்டாட்3ஐயே பிளாக் பண்ற மருந்து குடுத்துட வேண்டியதுதானே? ஏன் ஜாக்கை போய் புடிக்கறாங்க

பிளாட்_பைத்தியம்:
ஜாக் ஒரு என்சைம், ஏடிபி (பாஸ்பேட் குடுக்கற மாலிக்யூல்) உக்கார ஒரு குழி இருக்கு, அதுல சின்ன மாலிக்யூல் ஒண்ணை சொருகிடலாம். ருக்சோலிட்டினிப் 2011ல மைலோஃபைப்ரோசிஸுக்கு (எலும்பு மஜ்ஜை தழும்பாகற வியாதி) வந்துச்சு, டோஃபாசிட்டினிப் 2012ல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு. ஸ்டாட்ல அப்படி குழி கிடையாது, புரோட்டீனும் புரோட்டீனும் ஒட்டற அகலமான இடத்தை மருந்தால தடுக்கணும், அது படா கஷ்டம்

மைட்டோ_மணி:
எல்லாருக்கும் பெரிய தேங்க்ஸ். கடைசியா ஒண்ணு, ஜாக்கை அடைச்சா ஐஎல்-10ஓட நல்ல வேலையும் சேந்து போயிடாதா?

வார்டு_டாக்டர்:
போகும் மணி. ஐஎல்-10 ரிசப்டரும் ஜாக்1, டிக்2 (நாலு ஜாக்ல இதுவும் ஒண்ணு) வழியா தான் பேசுது. இன்டர்ஃபெரானும் அடிபடும், அதனால தான் இந்த மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு டெஸ்ட் பண்றோம், அக்கி வருதான்னும் கவனிச்சுக்கிட்டே இருப்போம். ஆனா ருமட்டாய்டு மூட்டுல ஐஎல்-6 கை ஓங்கி நிக்கறதால மொத்தத்துல வீக்கம் குறையுது, அந்த கணக்குல தான் குடுக்கறோம்