கலைச்சொல்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஹெட்டர் – சொல்லை வடிகாலில் தேடலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினின் எல்லாச் சிலிண்டர்களிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் பாகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அதையே சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாயாக வைத்துச் செய்தால் ஹெட்டர். இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் மேனிஃபோல்டுக்குப் "பன்மடி", ஹெட்டருக்குத் "தலைப்பு" என்று முடிவாகப் போவதுபோல் தெரிகிறது. அதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நீடாமங்கலத்துக்காரன். எங்களூரில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறாக வரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. டெல்டாவில் யாரிடம் கேட்டாலும் தலைப்பு என்றால் ஒன்று பலவாகும் இடம்தான். ஹெட்டரில் நடப்பதோ நேர்மாறு. நாலு சிலிண்டரின் புகை அங்கே ஒன்றாகிறது. ஆங்கிலத்தில் தலை என்று இருப்பதால் நாமும் தலை என்றால், இந்த மண்ணில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஒரு சொல்லுக்குத் தப்பான பொருளைக் கொடுத்தவர்களாவோம். அந்தச் சொல்லை வேறிடத்துக்கு வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறதே இன்டேக் மேனிஃபோல்டு, அதற்குக் "காற்றுத் தலைப்பு" கச்சிதமாகப் பொருந்தும்.

"பன்மடி"யும் எனக்கு ஒட்டவில்லை. மடி என்றதும் மாட்டுமடி நினைவுக்கு வரும், வேட்டிமடி நினைவுக்கு வரும். புகை போகும் வார்ப்பு யாருக்கும் நினைவுக்கு வராது.

போன மாதம் மன்னார்குடியில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். என் மைத்துனருடைய பழைய பெட்ரோல் காரில் எஞ்சினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் புகை கசியாமல் வைக்கும் கேஸ்கட் போய், எஞ்சின் சூடாகும் வரை டிக் டிக்கென்று சத்தம். மெக்கானிக் அண்ணன் மேனிஃபோல்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கனமான வார்ப்பிரும்பு, உட்சுவர் மணல் வார்ப்பின் சொரசொரப்போடு கரி பூசிக் கிடந்தது. இரண்டாவது வாயில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். எஞ்சின் பக்கத்து ஓட்டை விரிந்திருக்க, வார்ப்பின் ஓட்டை ஓரமாகப் படிபோல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. கேஸ்கட்டிலும் அந்த இடத்தில் மட்டும் பிறைபோல் ஒரு கரித்தடம். "புகை இங்கதாங்க முட்டுது. வடியறதுக்கு வழி வேணும்ல?" என்றார்.

வடியறது. அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

வெளியூர்க்காரர்களுக்கு டெல்டா என்றால் பாசனம்தான். இங்கே பயிர் வைப்பவனுக்கு வடிகாலும் அதே அளவு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிறைந்து ஓடும்போது வடிவாய்க்கால் தண்ணீர் ஆற்றில் இறங்காது, எதிர்த்துக்கொண்டு வயலுக்கே ஏறும். எஞ்சினிலும் அதேதான். நாலு சிலிண்டர் வண்டியில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. எஞ்சின் தண்டு 180 டிகிரி, அதாவது அரைச்சுற்று, சுற்றுவதற்கு ஒரு வெடிப்பு. ஆனால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருப்பது 180 டிகிரிக்கும் மேல். ஒரு சிலிண்டர் வடிந்து முடிப்பதற்குள் அடுத்ததன் புகை வேகமாக வந்து விழும். இரண்டும் சேரும் இடம் கிட்டத்தில் இருந்தால் முந்தினதற்குள் புகை எதிர்த்து ஏறும்.

ஆக, சாதாரண மேனிஃபோல்டுக்கும் ஹெட்டருக்கும் உள்ள வேறுபாடு வார்ப்பா குழாயா என்பதைவிட, புகை எங்கே சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது. வார்ப்பில் வாயிலிருந்து இறங்கியதுமே எல்லாம் கலந்துவிடும். ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், கொஞ்ச தூரம் தனியாக ஓடியபின்தான் சேர்க்கை. நாலை நேரே ஒன்றாக்குவதும் உண்டு. 1-4, 2-3 என்று சோடி சேர்த்து, பிறகு ஒன்றாக்குவதும் உண்டு. நீளம் சரியாக அமைந்தால், குழாய்முனையில் பட்டுத் திரும்பும் தாழ்வழுத்த அலை மிச்சப் புகையை வெளியே இழுக்கும்.

இதை வைத்து என் முன்மொழிவு: பொதுப்பெயர் "புகைக்கூடல்". ஒன்றாக வார்த்தது "வார்ப்புக்கூடல்". ஹெட்டர் "தனிக்கால் கூடல்". அதன் ஒவ்வொரு குழாயும் "புகைக்கால்", அவை சேரும் இடம் "கூடுவாய்". வாய்க்கால், வடிகால், கால்வாய் எல்லாவற்றிலும் இருக்கிற கால்தான் இது. பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்று பெயருண்டு என்பது கூடுதல் மகிழ்ச்சி. இப்போது சில எஞ்சின்களில் மேனிஃபோல்டைச் சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். அதற்கும் "உட்கூடல்" என்று இதிலிருந்தே பெயர் பிறக்கும்.

"வளைகுழல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பைக் பட்டறையில் பெண்டு பைப்பு என்கிறார்களே, அதிலிருந்து எடுத்திருக்கிறார். நல்ல காது. ஒற்றைச் சிலிண்டர் பைக்கில் கூடல் என்று ஒன்று இல்லவே இல்லை, ஆகவே அங்கே வளைகுழலே இருக்கட்டும்.

வார்ப்பா, ஹெட்டரா, எதைப் போடுவது என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். தினம் ஓட்டுகிற வண்டிக்கு வார்ப்புக்கூடலைத் திருத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நீட்டிய படியைக் கிரைண்டரில் தேய்த்து, கேஸ்கட் அளவுக்கு வாயைச் சமன்செய்து, எஞ்சினில் உட்காரும் முகத்தை மட்டமாக்கினால் போதும். உள்வளைவு வரை தேய்க்க, சிராய்ப்புத்தூள் கலந்த களியை அழுத்தித் தள்ளுகிற முறையும் இருக்கிறது. வார்ப்பிரும்பு சூட்டைத் தாங்கும், சத்தத்தையும் அடக்கும். மெல்லிய குழாய்க் கூடல் வெல்டிங் ஓரத்தில் விரியும். கூடுவாய் தாழ்ந்திருந்தால் வேகத்தடையில் தட்டும். அதன் ஆதாயம் பெரும்பாலும் எஞ்சினை மேல் சுற்றில் ஓட்டுகிறவர்களுக்குத்தான். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டிவரும் வண்டிகளில் கை வைக்கவே வேண்டாம், புகைச் சோதனையில் நிற்காது. மைத்துனர் திருத்தித்தான் போட்டார். சத்தம் போய்விட்டது.

வண்டிக் கம்பெனி அல்லாத வேறு யாரோ செய்து விற்கும் சாமானை ஆங்கிலத்தில் ஆஃப்டர்மார்க்கெட் என்கிறார்கள். அதற்குப் "பின்சந்தை" என்று எழுதுவதை நிறுத்துவோம். பட்டறையில் "கம்பெனி சாமானா, வெளிசாமானா?" என்றுதான் கேட்கிறார்கள். "வெளிச்சாமான்" என்றே எழுதலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்லாப் புகைக்கால்களும் ஒரே நீளத்தில் இருக்கும்படி வளைத்த கூடலை என்ன சொல்வது? "சமக்கால் கூடல்" என்று எழுதிப் பார்த்தேன், நாற்காலி ஞாபகம் வருகிறது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வெல்டிங் பட்டறைகளில் இதற்கு ஏதாவது பேச்சுச்சொல் புழங்குகிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.