யூசர்ப்பர்: 'அபகரிப்பாளர்' சரிப்பட்டு வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிற்கால ரோமப் பேரரசு பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கும்போது 'யூசர்ப்பர்' (usurper, உரிமையின்றி ஆட்சியைப் பிடித்தவர்) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. அதற்கு ஈடாக இதுவரை இங்கே முன்வைக்கப்பட்டவை மூன்று: அபகரிப்பாளர், முடிகொண்டார், வௌவரசர். மூன்றையும் வரைவில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வௌவரசரை முதலில் வழியனுப்பிவிடலாம். வௌவுதல் நல்ல பழஞ்சொல்தான். ஆனால் வீட்டில் வாசித்துக் காட்டியபோது, "வௌவாலுக்கு ராஜாவா?" என்று கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடிகொண்டார் என்பதில் வேறு சங்கடம். முதலாம் இராசேந்திரனுக்கு 'முடிகொண்ட சோழன்' என்பது விருதுப்பெயர். பெருமையைச் சொல்லும் சொல்லைப் பழிக்கு எப்படிப் பயன்படுத்துவது? போதாததற்கு, இந்த ஆட்கள் பலருக்குச் சூட முடியே கிடைக்கவில்லை. 360இல் பாரிசில் படைவீரர்கள், அப்போது துணைப் பேரரசராக இருந்த ஜூலியனைக் கேடயத்தின்மேல் தூக்கிப் பேரரசர் என்று முழங்கினார்கள். மகுடம் இல்லை. மனைவியின் அணிகலனைச் சூடச் சொன்னபோது, பெண்கள் அணிவது நல்ல சகுனமல்ல என்று மறுத்துவிட்டார். குதிரையின் அணியும் வேண்டாமென்றார். கடைசியில் ஒரு கொடி வீரர் தன் கழுத்து வளையத்தைக் கழற்றித் தலையில் வைத்தார். 365இல் கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசராக முன்வந்த புரோகோப்பியஸின் நிலை இன்னும் மோசம். ஊதா அங்கி கிடைக்காமல், அரண்மனைப் பணியாள் போல ஒரு சரிகை உடுப்பில், கையில் ஊதாத் துணித்துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டையும் எழுதிவைத்த அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் ஜூலியனின் ஆதரவாளர் என்பதால், புரோகோப்பியஸ் காட்சியில் எள்ளல் கொஞ்சம் தூக்கல்.

இனி அபகரிப்பாளர். பெரும்பாலோர் இதைத்தான் ஆதரிக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அபகரிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நில அபகரிப்பு. பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும், இன்னொருவர் புகுந்து வேலி போடுவார். ரோமில் அந்தப் பத்திரம் எங்கே இருந்தது? வாரிசுரிமைச் சட்டம் என்று தெளிவாக எதுவும் கிடையாது. படை முழங்க வேண்டும், ஏற்கெனவே ஆள்பவர் ஏற்க வேண்டும். அவ்வளவுதான். 306 ஜூலையில் யார்க் நகரில் தந்தை இறந்ததும் படைவீரர்கள் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக முழங்கினார்கள். மூத்த பேரரசர் கலேரியஸ் வேண்டாவெறுப்பாக 'சீசர்' என்ற ஒரு படி கீழான பட்டம் கொடுத்து அவரை ஏற்றார். மூன்று மாதம் கழித்து ரோமில் காவற்படையினர் மாக்சென்டியஸை அதே போல முழங்கினார்கள். இவருக்கு ஏற்பு கிடைக்கவில்லை. 312இல் ரோமுக்கருகே மில்வியப் பாலத்தில் மாக்சென்டியஸ் கான்ஸ்டன்டைனிடம் தோற்று ஆற்றில் மூழ்கினார். 315இல் கான்ஸ்டன்டைனுக்காக எழுந்த வெற்றி வளைவு, பெயரைக்கூடச் சொல்லாமல் அவரை 'டிரான்னஸ்' என்கிறது.

அந்தச் சொல்லைக் 'கொடுங்கோலன்' என்று பெயர்த்தால் தவறாகிவிடும். அக்காலத்து இலத்தீனில் அது பெரும்பாலும் முறையற்று ஆட்சிக்கு வந்தவரைக் குறித்தது. நம் கொடுங்கோல், ஆண்ட விதத்தைப் பற்றியது. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் கோல் வளைந்தது. அதற்காக அவன் முறையற்று ஆட்சிக்கு வந்தவன் என்று யாரும் சொல்லவில்லையே.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு என் வரைவைத் திரும்பப் படித்தபோதுதான் திடுக்கிட்டேன். கான்ஸ்டன்டைன் 'வென்றார்' என்று எழுதியிருக்கிறேன். மாக்சென்டியஸ் 'மூழ்கி இறந்தான்'. ஜூலியன் இன்னும் மோசம்: 360இல் 'கலகம் செய்தான்', 361 நவம்பரில் மூத்த பேரரசர் கான்ஸ்டான்டியஸ் நோயில் இறந்ததும், அடுத்த பத்தியிலேயே 'தலைநகருக்குள் நுழைந்தார்'. கலைச்சொல்லை எவ்வளவு நடுநிலையாக ஆக்கினாலும், வினைமுற்றில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவருக்கு மூலத்தில் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

எனவே என் முன்மொழிவு: வரலாற்றாசிரியர் தம் குரலில் சொல்லும் இடங்களில் 'ஏற்பிலாப் பேரரசர்', எல்லோருக்கும் ஆர் விகுதி. பழைய நூலோ கல்வெட்டோ வசைபாடும் இடத்தில் 'ஆட்சி கவர்ந்தவன்'. அங்கே அன் விகுதி இருக்கட்டும், அது அவர்கள் குரல். ஏற்பு என்பதை ஆண்டு குறித்துச் சொல்ல முடிவது இதில் எனக்குப் பிடித்தது. மூன்றாம் கான்ஸ்டன்டைனைப் பாருங்கள்: 407இல் பிரித்தானியப் படை முழங்கியது, ஏற்பிலாப் பேரரசர். 409இல் மேற்குப் பேரரசர் ஹொனோரியஸ் அரச அங்கி அனுப்பினார், கான்ஸ்டன்டைன் ஏற்பு பெற்றார். 411இல் கொல்லப்பட்டபோது ஏற்பும் போயிருந்தது. அபகரிப்பாளர் என்று ஒரே பெட்டியில் போட்டால் நடுவிலுள்ள ஆண்டுகளை என்ன செய்வது?

'போட்டிப் பேரரசர்' போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போட்டி வேட்பாளர் போல உடனே புரியும், ஒத்துக்கொள்கிறேன். ஒருவரையொருவர் ஒழிக்கப் பார்த்தவர்களுக்கு அதையே வைக்கலாம். ஆனால் 286 வாக்கில் பிரித்தானியாவைப் பிடித்துக்கொண்ட காரௌசியஸ், அப்போதைய பேரரசர்களான டயோக்ளீஷியன், மாக்சிமியன் இருவரின் முகத்தையும் தன் முகத்தோடு சேர்த்து, 'காரௌசியஸும் அவர் சகோதரர்களும்' என்று நாணயம் அடித்தார். அவர் கேட்டது வரிசையில் ஓர் இடம்.

செயலைக் குறிக்கும் பெயர்ச்சொல்தான் இன்னும் அமையவில்லை. 'ஏற்பிலா அரசேற்பு' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது. இப்போதைக்கு 'ஆட்சிக் கவர்வு' என்று ஒப்பேற்றியிருக்கிறேன். அதில் பழியின் வாடை அடிப்பது தெரிந்தேதான்.

அப்புறம் வெட்ரானியோ. 350இல் இல்லிரியப் (பால்கன் பகுதி) படை இவரைப் பேரரசராக்கியது. கான்ஸ்டான்டியஸ் முதலில் ஏற்றார். டிசம்பரில் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். கான்ஸ்டான்டியஸ் பேசி முடித்தபோது படை முழுவதும் அவர் பக்கம். கிழவர் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவித்தொகை வாங்கிக்கொண்டு புரூசா ஊருக்குப் போய்ச் சில ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தார். இவரை என்னவென்று எழுத? யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.