ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு டெர்ம் பாலிசி: முடியாதுன்னு மெயில் வந்திருக்கு, வேற கம்பெனியில போடலாமா?

மழைக்காகம்
அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆரம்ப ஸ்டேஜ்தான், ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப நல்லா இருக்காங்க. டெர்ம் லைஃப் இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு அப்ளை பண்ணினோம், இப்ப முடியாதுன்னு மெயில் வந்திருக்கு. சின்னப் பசங்க இருக்காங்க, வீட்டுக் கடனும் ஓடுது. இன்னைக்கே வேற நாலு கம்பெனியில போட்டுடலாமா? எது ஒத்துக்கும்?

நெய்தல்
நாலு இடத்துல போடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. மெயில்ல என்ன வார்த்தை இருக்கு? நிராகரிப்பா, ஒத்திவைப்பா? ரெண்டும் ஒண்ணு இல்லை. ஒத்திவைப்புன்னா ‘இந்தத் தேதிக்கு அப்புறம் வாங்க, பார்க்கலாம்’னு அர்த்தம். அடுத்த கம்பெனி ஃபாரத்துல ‘இதுக்கு முன்னாடி எங்கேயாவது மறுத்தாங்களா, தள்ளி வச்சாங்களா’ன்னு கண்டிப்பா கேட்பாங்க, ஆமாம்னுதான் எழுதணும். இன்னும் நாலு மறுப்பு சேர்ந்தா ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் சொல்லிட்டிருக்கணும்.

கரிசல்மண்
கடைசி சிகிச்சை முடிஞ்ச தேதி என்ன? ஹார்மோன் மாத்திரை ஓடுதா? அக்காவுக்குப் பழைய பாலிசி ஏதாவது இருக்கா?

பழையஏடு
“ஆரம்ப ஸ்டேஜ், எல்லாம் முடிஞ்சது” என்பதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. இங்கே கேட்க வருகிறவர்கள் கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கேட்கப் பழக வேண்டும். அண்டர்ரைட்டர், அதாவது பாலிசி கொடுக்கலாமா என்று முடிவு செய்பவர், பார்ப்பது ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பேத்தாலஜி ரிப்போர்ட்டை (வெட்டியெடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கை). கட்டி எத்தனை மில்லிமீட்டர், நிணநீர் கணுக்கள் எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் பரவியிருந்தது, கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன) என்ன, ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (புற்று செல்லில் பார்க்கும் ஒரு புரதம்) என்ன, வெட்டிய ஓரத்தில் புற்று செல் இருந்ததா. இவ்வளவும் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதில் பாதி இருக்காது. பலர் அதை மட்டும் இணைத்துவிட்டு, மறுத்துவிட்டார்கள் என்று வருந்துகிறார்கள்.

கரிசல்மண்
அதோட ஸ்டேஜ் நம்பரை மட்டும் நம்பாதீங்க. 2018 முதல் நடைமுறையில இருக்கிற ஏஜேசிசி (புற்றுநோய்க்கு ஸ்டேஜ் வகுக்கிற அமெரிக்க அமைப்பு) விதிகளோட எட்டாம் பதிப்புல ரெண்டு விதமா ஸ்டேஜ் போடலாம். அளவையும் கணுவையும் மட்டும் பார்த்தா 2ஏ வர்ற ஒரு கட்டி, கிரேடு 1, ஈஆர் பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்னு இருந்தா, இன்னொரு கணக்குல 1ஏ ஆகிடும். டாக்டர் லெட்டர்ல ஒண்ணு, ஃபாரத்துல இன்னொண்ணு இருந்தா முரண்பாடுன்னு ஃபைல் நின்னுடும். டி (கட்டியோட அளவு), என் (கணு), எம் (வேற உறுப்புக்குப் பரவல்) மதிப்பை ரிப்போர்ட்ல இருக்கிறபடியே எழுதுங்க. கீமோ முதல்ல குடுத்து அப்புறம் ஆபரேஷன் பண்ணியிருந்தா, முன்னாடி இருந்த அளவையும் கேட்பாங்க. பின்னாடி சுருங்கின அளவு மட்டும் போதாது.

தும்பைப்பூ
வேலைக்குப் போறாங்களா? கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸைப் பாருங்க. ஒரு வரம்பு வரைக்கும் உடம்பைப் பத்தி கேள்வியே கேட்காம சேர்த்துப்பாங்க. ஆனா கவர் ஆரம்பிக்கிற அன்னைக்கு வேலையில இருக்கணும், மெடிக்கல் லீவுல இருந்தா ஆரம்பிக்காம போகலாம். வேலையை விட்டா கவரும் போயிடும், அதைத் தனி பாலிசியா மாத்த வழி இருக்கான்னு எச்.ஆர்.கிட்ட எழுத்துல கேளுங்க.

ஆவாரம்பூ
ரிப்போர்ட்ல ‘இன் சிட்டு’ன்னு இருந்தா, அதாவது டிசிஐஎஸ், அது பால் குழாயைத் தாண்டலை. ஸ்டேஜ் ஜீரோ. அது கேன்சரே இல்லைன்னு சொல்ற டாக்டர்கள் இருக்காங்க. அப்ப கேன்சர் உண்டான்னு கேட்டா இல்லைன்னு போடலாமே?

பழையஏடு
போடக் கூடாது. இப்படிச் சொல்லிக் கொடுத்துதான் குடும்பங்கள் கிளெய்ம் நேரத்தில் நடுத்தெருவில் நிற்கின்றன. ஃபாரத்தை முழுதாகப் படித்தீர்களா? பெரும்பாலும் “புற்றுநோய், கட்டி, வளர்ச்சி, இன் சிட்டு” என்று சேர்த்துத்தான் கேட்பார்கள்.

ஆவாரம்பூ
எல்லா ஃபாரத்திலும் அப்படி இல்லை. மருத்துவத்துல முடியாத விவாதம் இது, நான் பொய் சொல்லச் சொல்லலை.

நெய்தல்
அந்த விவாதத்தை டாக்டர்கள் நடத்தட்டும். ஆபரேஷன், ரேடியேஷன், பயாப்ஸி எதுவா இருந்தாலும் ஃபாரத்துல தனிக் கேள்வி வரும், அங்கே மறைக்க முடியாது. உண்மையைச் சொன்னா டிசிஐஎஸ்ஸுக்குத்தான் சீக்கிரம் பாலிசி கிடைக்கும், சில சமயம் கூடுதல் பிரீமியம் கூட இல்லாம. மறைச்சுட்டு ரிஸ்க் எடுக்க என்ன காரணம் இருக்கு?

மழைக்காகம்
ரிப்போர்ட் எடுத்துட்டேன். பிடி1சி, 14 மிமீ, என்0, கிரேடு 2, ஈஆர் பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். ரேடியேஷன் முடிஞ்சு நாலு மாசம். டாமாக்ஸிஃபென் (ஹார்மோன் மாத்திரை) சாப்பிடறாங்க. மெயில்ல ஒத்திவைப்பு, 12 மாசம்னு இருக்கு. பழைய பாலிசி ஒண்ணு உண்டு, புதுசு வந்ததும் விட்டுடலாம்னு இந்த வருஷத் தவணை கட்டலை.

கரிசல்மண்
அதை முதல்ல கட்டுங்க. இன்னைக்கே. தவணைத் தேதி தாண்டினதும் ஒரு கருணைக் காலம் உண்டு. வருஷத் தவணைக்குப் பெரும்பாலும் ஒரு மாசம், மாசத் தவணைக்கு அதைவிடக் குறைவாவும் இருக்கலாம். அதுக்குள்ள கட்டினா ஒரு கேள்வியும் இல்லை. தாண்டிட்டா பாலிசி காலாவதி, மறுபடி உயிர்ப்பிக்கப் புதுசா உடல்நலச் சான்று குடுக்கணும், அப்ப இந்த நோய் முன்னாடி வந்து நிக்கும். நோய்க்கு முன்னாடி எடுத்த பாலிசிக்கு ஈடா இப்ப எந்தக் கம்பெனியும் குடுக்காது. அதுல தீவிர நோய் ரைடர் (பாலிசியோட சேர்த்து எடுக்கிற கூடுதல் கவர்) இருக்கான்னும் பாருங்க. இருந்தா ஊடுருவின, அதாவது பால் குழாயைத் தாண்டின புற்றுநோய்க்குப் பணம் வரலாம், தெரிவிக்க வேண்டிய கெடுவை ஷரத்துல பாருங்க.

பழையஏடு
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நெய்தல்
மாத்திரையால பயப்படாதீங்க. ஹார்மோன் மாத்திரை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம் கூட ஓடும். பல கம்பெனிகள் அதை ‘நடந்துட்டிருக்கிற சிகிச்சை’யா எண்ணாம ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடிஞ்ச தேதியிலிருந்துதான் கணக்கு வைப்பாங்க. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி அதை எழுத்துல கேட்டுக்கோங்க. 12 மாசத்துக்கு அப்புறம் மேமோகிராம் முடிவு கையில வந்த பிறகு போடுங்க. ஸ்கேனோ பயாப்ஸியோ பாக்கி இருக்கும்போது போட்டா மறுபடி ஒத்திவைப்புதான். நேரா விண்ணப்பிக்காம, புரோக்கர் மூலமா அக்கா பேரைச் சொல்லாம, ரிப்போர்ட் விவரத்தை மட்டும் குடுத்து நாலஞ்சு கம்பெனியில முன்விசாரணை பண்ணச் சொல்லுங்க. அது விண்ணப்பமா பதிவாகாது.

கூடுதல் பிரீமியம் எப்படி வரும்னு தெரிஞ்சு வைங்க. ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு சில வருஷத்துக்கு மட்டும் போடுவாங்க. உதாரணத்துக்கு 10 லட்சம் கவருக்கு ஆயிரத்துக்கு 5ன்னா வருஷத்துக்கு 5,000 கூடுதல், அந்த வருஷங்கள் முடிஞ்சதும் அது தானா நிக்கணும். எப்ப நிக்குதுன்னு பாலிசி பத்திரத்துல எழுதியிருக்கான்னு பாருங்க. சதவீதமா ஏத்தினா கடைசி வரைக்கும் இருக்கும், குறைக்கச் சொல்லி நாமதான் பின்னாடி கேட்கணும்.

சிறுதுளி
மெடிக்கல் கேள்வியே இல்லாத பாலிசி இருக்கே, அதை எடுத்துட்டா என்ன?

தும்பைப்பூ
எடுக்கலாம், ஆனா ஷரத்தைப் படிங்க. பலதுல முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள நோயால இறந்தா கட்டின பணமும் கொஞ்சம் வட்டியும்தான் வரும். கவரும் சின்னது, பிரீமியம் அதிகம். வீட்டுக் கடனுக்கு அது போதாது.

மழைக்காகம்
கருணைக் காலம் முடிய 3 நாள் இருந்துச்சு. கட்டியாச்சு. ரைடர் இருக்கு, ஷரத்து தேடறேன். நன்றி எல்லாருக்கும்.

கரிசல்மண்
ரசீதுல கட்டின தேதி சரியா விழுந்திருக்கான்னு பாருங்க. பாலிசி ‘நடப்பில் உள்ளது’ன்னு கம்பெனிகிட்ட எழுத்துல ஒரு பதில் வாங்கி வைங்க. அடுத்த தவணையிலிருந்து பேங்க் கணக்குல இருந்து தானா போற மாதிரி பண்ணிடுங்க.