ஏற்றத்தில் கிணுகிணு சத்தம், இழுவையும் இல்லை: இன்ஜினைப் பிரிப்பதா?

ஈசூன்வாசி:
வணக்கம். என்னுடையது சிங்கப்பூரில் 2009இல் பதிவான 1.6 லிட்டர் பெட்ரோல் கார். 2019இல் வாகன உரிமைச் சான்றிதழை 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டேன்; ஆகவே 2029 வரை இதோடுதான் குடித்தனம். மூன்று வாரமாக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சாய்தளத்தில் ஏறும்போதும், விரைவுச்சாலையில் நுழைந்து வேகமெடுக்கும்போதும், எவர்சில்வர் டம்ளரில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. நான்கு பேர் ஏறினால் மாட்டுவண்டிதான். ஆக்டேன் 95 பெட்ரோலிலிருந்து 98க்கு மாறினேன். சத்தம் பாதியானது, போகவில்லை. ஸ்பார்க் பிளக் நான்கும் மாற்றியாயிற்று. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஒரு பட்டறையில் பானட்டைத் திறந்த மாத்திரத்தில் இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 4,000 வெள்ளி ஆகும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

தோபாயோ தம்பி:
ஜோகூரில் பெட்ரோல் போட்டீர்களா அண்ணா? மட்டமான 95 ஆக இருக்கும்.

ஈசூன்வாசி:
வெளிநாட்டு வண்டிக்கு அங்கே 95 போடவே கூடாதே, தம்பி. முக்கால் டேங்க் நிரப்பிக்கொண்டுதானே இங்கிருந்து கிளம்பவே விடுகிறார்கள். இந்த மாதம் பாலத்தைத் தாண்டவில்லை.

நாலுசக்கரம்:
நாக் சென்சார் போயிருக்கும். மாற்றிவிடுங்கள்.

கிரீஸ்கை:
மாற்றிவிடாதீர்கள். அந்த சென்சார் வெறும் காது. நாக்கிங் (பெட்ரோல்-காற்றுக் கலவை தானாகப் பற்றி எழும் உங்கள் கிணுகிணு சத்தம்) கேட்டதும் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. இழுவை குறைவது அதனால்தான். சத்தம் ஒரு நோய், சோர்வு இன்னொரு நோய் என்று எண்ண வேண்டாம். காது செவிடானால் பெரும்பாலும் பி0325 என்ற குறியீடு பதிவாகி விளக்கும் எரியும்.

கலவை நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்வதற்குச் சூடு, சிலிண்டருக்குள் படிந்த கரி, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை என்று பல காரணங்கள் உண்டு. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்தாலும் இழுவை போகும். எதையும் பிரிக்காமலே பாதியை விலக்கிவிடலாம். காரின் கணினியைப் படித்துக் காட்டும் விலை குறைந்த ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் செருகுங்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு, ஃபூயல் டிரிம் (கணக்குக்கு மேல் கணினி கூட்டியோ குறைத்தோ தரும் பெட்ரோலின் விழுக்காடு) இரண்டையும் வண்டி நிற்கும்போதும் ஏற்றத்தில் ஏறும்போதும் பாருங்கள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து எழுதட்டும். ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம்.

ஈசூன்வாசி:
மகள் எழுதித் தந்தாள். கூலன்ட் 91 டிகிரி, ஏறும்போதும் அசையவில்லை. டிரிம், நிற்கும்போது +5, சாய்தளத்தில் +19. குறியீடு எதுவும் இல்லை.

கிரீஸ்கை:
பிடிபட்டது என்று நினைக்கிறேன். +19 என்றால், தான் கணக்குப் போட்ட பெட்ரோல் போதாமல் கணினி 19 விழுக்காடு கூட்டிக் கொடுக்கிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்று கசிந்தால் நிற்கும்போதுதான் எண் எகிறும், வேகத்தில் தணியும். உங்களுக்குத் தலைகீழ். ஒன்று பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றளவு சென்சார் பொய் சொல்ல வேண்டும். ஏர் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்?

ஈசூன்வாசி:
சொல்ல விட்டுப்போயிற்று. கழுவி எண்ணெய் தடவும் பருத்தி வகை அது. சென்ற மாதம் நானே கழுவி, எண்ணெயைத் தாராளமாக...

கிரீஸ்கை:
தோசைக்கல்லா அது! மிஞ்சிய எண்ணெய் காற்றோடு போய் சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும். அதில் தூசு ஒட்டும். சென்சார் உள்ளே போகும் காற்றைக் குறைத்துச் சொல்லும். கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். இன்ஜினுக்குச் சுமை இல்லை என்று எண்ணித் தீப்பொறியையும் முன்கூட்டியே தரும். நாக்கிங்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு சென்சாரை எடுத்து, அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். பிரேக் கிளீனர் கூடாது. கம்பியை விரலாலோ பஞ்சாலோ தொடவே கூடாது. நன்றாகக் காய்ந்த பின் பொருத்துங்கள். டிரிம் இறங்காவிட்டால் அடுத்தது பெட்ரோல் அழுத்தத்தைச் சோதிப்பது. இன்ஜினைப் பிரிப்பதெல்லாம் அதற்கும் பிறகு.

ஈசூன்வாசி:
கழற்றினால் மயிரிழை போன்ற கம்பியில் பழுப்பாக ஒரு பஞ்சுத்துணுக்கு. ஸ்பிரே அடித்து, அரை மணி நேரம் காயவிட்டு, காகித ஃபில்டர் வாங்கிப் போட்டேன். நான்கு நாள் ஓட்டியபின் சாய்தளத்தில் டிரிம் +4. நேற்று குடும்பமே ஏறி ஆறாம் தளம் வரை போனோம், புளியங்கொட்டை இல்லை. டேங்கில் இன்னும் 98தான் இருக்கிறது. 95க்குத் திரும்பலாமா, அண்ணா?

கிரீஸ்கை:
கையேட்டில் 95 என்று இருந்தால் திரும்பலாம். இந்த டேங்க் தீரட்டும். 95இல் அதே சாய்தளத்தில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சத்தம் லேசாகத் திரும்பினால் கரியையும் பார்க்க வேண்டியிருக்கும்.