அணையாத பிரேக் விளக்கு: சுவிட்சைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

என் தந்தையாரின் 100 சிசி பைக்கில், பெடலை மிதிக்காதபோதும் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்ச் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார் மெக்கானிக். எனக்கு அதில் ஐயம் இருந்தது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள இவ்வகை வண்டிகளில், பெடல் இறங்கும்போது ஒரு மெல்லிய ஸ்பிரிங் இழுபட்டு, சுவிட்சுக்குள் இருக்கும் தண்டைக் கீழே இழுக்கிறது. அப்போது இணைப்பு ஏற்பட்டு 21 வாட் இழை எரிகிறது. எனவே ஸ்பிரிங்கைப் பெடலிலிருந்து கழற்றிப் பார்த்தேன். விளக்கு உடனே அணைந்தது. சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது; பெடல்தான் முழுவதும் மேலே திரும்பாமல் நின்றிருந்தது. அதன் அச்சில் கிரீஸ் காய்ந்து மண்ணோடு இறுகியிருந்ததைச் சுரண்டித் துடைத்துப் புது கிரீஸ் வைத்ததும் பெடல் துள்ளி எழுந்தது.

அதன் பிறகே அளவு வைக்கத் தொடங்கினேன். இதில் வரிசை முக்கியம். முதலில் பின்சக்கரத்தருகே பிரேக் கம்பியின் முனையில் உள்ள நட்டைத் திருகி, வண்டிக் கையேடு சொல்லும் பெடல் தளர்வை (பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை பெடல் இறங்கும் தூரம்; பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர்) வைக்க வேண்டும். சுவிட்சை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு பிரேக்கை இறுக்கினால், பிரேக் முன்னதாகவே பிடித்துவிடும். விளக்கு பிந்தி எரியும். அடுத்து, சுவிட்சின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் மேல் உள்ள நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடலைத் திருப்பினால் வயர்கள் முறுக்கேறி அறுந்துவிடும். சுவிட்ச் மேலே ஏறினால் விளக்கு முன்னதாகவும், கீழே இறங்கினால் தாமதமாகவும் எரியும். நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பெடலைக் கையால் மெல்ல அழுத்தினேன். சக்கரம் பிடிபடுவதற்குச் சற்று முன்னால் விளக்கு எரியும் இடத்தில் சுவிட்சின் நட்டை நிறுத்தினேன்.

மறுமொழி:
காரில் வேலை தலைகீழ். ஓய்வு நிலையில் பெடலின் கை சுவிட்சின் முனையை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். மிதித்தால் முனை வெளியே வந்து விளக்கு எரியும். எங்கள் பழைய காரில், அந்த முனை தொடும் இடத்தில், பெடல் கையின் துளையில் செருகியிருந்த சிறு பிளாஸ்டிக் வில்லை வெயிலிலும் வயதிலும் பொடிந்து உதிர, முனை அந்தத் துளைக்குள் புகுந்துவிட்டது. சாவியை எடுத்த பின்னும் விளக்கு எரிந்ததால் காலையில் பேட்டரி தீர்ந்திருந்தது. சுவிட்சுக்கு வந்த பழி இங்கும் வீண்பழியே. வில்லையை மாற்றியதோடு வேலை முடிந்தது. மரையுள்ள சுவிட்சை அளவுக்கு மீறி உள்ளே திருகுவதும் ஆபத்து: அது பெடலை மிதித்தபடியே நிறுத்திவிடும், மாஸ்டர் சிலிண்டரில் (மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் உருளை) எண்ணெய் திரும்பும் வழி அடைபட்டு, பிரேக் உரசிக்கொண்டே சூடேறும்.

மறுமொழி:
பைக்கில் முன்பிரேக் பிடியிலும் தனிச் சுவிட்ச் இருந்தால், அதன் வயரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எங்கள் வண்டியில் அணையாமல் எரிந்ததற்குக் காரணம் அங்கேதான் இருந்தது. பின்பக்கத்தை வீணாகக் கழற்றியிருந்தார்கள்.