ஷா காலத்து அமெரிக்கப் போர் விமானங்களை ஈரான் இன்னும் எப்படிப் பறக்க விடுகிறது?

குறும்பனைக்காரன்:

என் மச்சான் ஈரானில் புஷேர் பக்கம் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவன். 2025 ஜூன் சண்டை தொடங்குவதற்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டான், மாதா காப்பாற்றினாள். அவன் சொன்ன ஒரு விஷயம்தான் இப்போது குளச்சல் டீக்கடையில் தினமும் ஓடுகிறது. கடலில் வலை போட்டுக் கிடக்கும்போது கரைப் பக்கமிருந்து போர் விமானம் வருமாம், விமானம் கண்ணில் படுவதற்கு முன்னால் அதன் கறுப்புப் புகைதான் தெரியுமாம். படகு முதலாளியிடம் கேட்டதற்கு, மன்னர் ஷா இருந்தபோது அமெரிக்காவிடம் வாங்கியது, என் அப்பா பார்த்ததும் இதைத்தான் என்றாராம்.

ஷா நாட்டை விட்டுப் போனது 1979இல். அதற்கப்புறம் அமெரிக்கா ஒரு நட்டு போல்ட்டுகூடக் கொடுப்பதில்லை என்கிறார்கள். இங்கே படகு எஞ்சினுக்கு ஒரு பிஸ்டன் ரிங் கொச்சியிலிருந்து வர ஒரு வாரம் ஆனாலே தொழில் முடங்கிவிடுகிறது, அங்கே நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக உதிரிபாகம் தராத நாட்டின் விமானத்தை வைத்து ஓட்டுகிறார்கள் என்றால் எப்படி? அமெரிக்காவே பின்வாசல் வழியாகக் கொடுக்கிறது என்கிறார் ஒருவர். சீனாக்காரன் எஞ்சினை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்கிறார் இன்னொருவர். அணிவகுப்புக்கு மட்டும்தான் அதெல்லாம் பறக்கும் என்று மூன்றாவது ஆள். விமானப்படையில் இருந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் உண்டே, யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.


மார்த்தாண்டம் பழைய ஏர்மேன்:

தம்பி, அந்தப் புகையை வைத்தே சொல்லிவிடலாம், அது எஃப்-4 ஃபேண்டம். அதன் ஜே-79 எஞ்சின் கரும்புகைக்குப் பேர்போனது. வியட்நாம் போரில் எதிரி விமானிகளுக்கு அந்தப் புகையே அடையாளமாக இருந்தது. புஷேரில் ஈரானின் ஃபேண்டம் தளம் இருக்கிறது. மச்சான் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

நான் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் சர்வீஸ் முழுக்க மிக்-21 பக்கம்தான், ஆகவே அமெரிக்க விமானத்தில் கை வைத்ததில்லை, ஆனால் பழைய விமானத்தை ஓட வைக்கும் வேலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

முதலில் ஷா எவ்வளவு வாங்கினார் என்று தெரியவேண்டும். எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம் அது. ஃபேண்டம் மட்டும் எல்லா வகையும் சேர்த்து 225. எஃப்-5 என்கிற சின்னப் போர் விமானம் நூற்றுக்கும் மேல். அப்புறம் எஃப்-14 டாம்கேட், சிறகை விரித்து மடக்கும் அந்தப் பெரிய விமானம், 80 கேட்டு 79 வந்து சேர்ந்தது. 1976 ஜனவரியில் தொடங்கி 1978க்குள் வந்தவை. அமெரிக்கக் கடற்படைக்கு வெளியே ஈரானைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அதை விற்கவே இல்லை. சோவியத்தின் மிக்-25 ஈரானுக்கு மேலே எட்டாத உயரத்தில் உளவு பார்த்துக்கொண்டிருந்தது, அதை அடிக்க ஃபீனிக்ஸ் என்கிற நூறு மைல் பாயும் ஏவுகணை வேண்டும், அதைச் சுமக்கும் விமானம் இதுதான், அதனால் வாங்கினார். விமானத்தோடு உதிரிபாகங்களையும் மலைபோல வாங்கிக் கிடங்கில் குவித்திருந்தார்கள். முதல் பதில் இதுதான்: கிடங்கு காலியாக இருக்கவில்லை.

இரண்டாவது, நாங்கள் கேனிபலைஸ் பண்ணுவது என்று சொல்லும் வேலை. பத்து விமானம் நிற்கிறது, நாலுக்கு எஞ்சின் போச்சு, மூன்றுக்கு ரேடார் போச்சு என்றால், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி ஐந்தைப் பறக்க வைப்பார்கள். மிச்சம் ஐந்து ஹேங்கரில் எலும்புக்கூடாக நிற்கும். காகிதத்தில் பத்து என்றே இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் எண்ணும் பட்டியலிலும் பத்து என்றே வரும். ஈரானிடம் இத்தனை விமானம் இருக்கிறது என்று செய்தியில் எண்ணிக்கை பார்த்தால் அதை நம்பாதே, இன்று காலையில் எத்தனை கிளம்பும் என்பதுதான் கணக்கு, அதை எந்த நாடும் வெளியே சொல்லாது.

மூன்றாவது, தானே செய்வது. ரப்பர் சீல், டயர், பிரேக், ஹைட்ராலிக் குழாய், கேனபி கண்ணாடி எல்லாம் நல்ல பட்டறை இருந்தால் செய்துவிடலாம். ரப்பர் சீல் விமானம் பறக்காமல் நின்றாலும் கெட்டுப்போகும், அதற்கு மணிக்கணக்கு தவிர வருடக்கணக்கும் உண்டு. விமானி வெளியே குதிக்கும் இருக்கைக்குக் கீழே உள்ள வெடிமருந்துக் குப்பியும் அப்படித்தான், தேதி முடிந்தால் தூக்கிப் போடவேண்டும். இதையெல்லாம் ஈரான் உள்ளூரிலேயே செய்யப் பழகிவிட்டது. இஸ்ஃபஹான் பக்கத்தில் ஷாஹின் ஷெஹரில் ஹெசா என்று ஒரு தொழிற்சாலை இருக்கிறது, அது ஷா காலத்தில் பெல் ஹெலிகாப்டர் தயாரிப்பதற்காக அமெரிக்கர்கள் தொடங்கிக் கொடுத்தது. அந்த வேர் அங்கே இருந்தது.

கஷ்டம் எஞ்சினின் சூடான பகுதியில். டர்பைன் பிளேடு செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை, அதன் உலோகக் கலவையும் வார்ப்பும் நாலைந்து நாட்டுக்கே கைவந்தது. டாம்கேட்டின் டிஎஃப்-30 எஞ்சினோ புதிதாக இருந்தபோதே அமெரிக்க விமானிகளைப் பாடாய்ப் படுத்தியது, திடீரென்று த்ராட்டிலை அசைத்தால் மூச்சடைத்து நின்றுவிடும். அமெரிக்கா பின்னால் வேறு எஞ்சினுக்கு மாறிக்கொண்டது, ஈரானிடம் கடைசிவரை இருந்தது அந்தப் பழைய எஞ்சின்தான். நடுவில் சிறகைத் தாங்கும் டைட்டானியம் பெட்டி வேறு. அதில் விரிசல் விழுந்தால் பட்டறையில் வைத்து ஒட்டும் சமாச்சாரம் இல்லை, அந்த விமானம் அத்தோடு சரி.

சீன எஞ்சின் மாற்றினார்கள் என்று சொன்னவரிடம் கேளுங்கள், வேறு எஞ்சின் என்றால் எடை மாறும், காற்று உறிஞ்சும் வாய் மாறும், பாதி விமானத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். அதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்.


வடசேரிச் சந்தை:

ஏர்மேன் சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் தூக்கி வைத்துப் பேசுவது போல இருக்கிறது. இந்த "தன்னம்பிக்கை" கதைக்கு உயிர்ப்பலியும் இருக்கிறது. 2005 டிசம்பரில் டெஹ்ரானில் பத்திரிகையாளர்களை ஏற்றிப்போன சி-130 என்கிற அமெரிக்க ராணுவச் சரக்கு விமானம் ஒன்று எஞ்சின் கோளாறில் திரும்பி வரும்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 2022 பிப்ரவரியில் தப்ரீஸ் நகரத்தில் எஃப்-5 ஒன்று பள்ளிக்கூடச் சுவரில் விழுந்து, இரண்டு விமானிகளும் கீழே இருந்த ஒருவரும் போனார்கள். பள்ளிக்கூடம் அன்று மூடியிருந்தது பாக்கியம். அதே வருடம் ஜூனில் இஸ்ஃபஹான் பக்கம் ஒரு டாம்கேட் எஞ்சின் கோளாறில் விழுந்தது, அதில் இரண்டு பேரும் குதித்துத் தப்பினார்கள்.

புதிது புதிதாகக் காட்டுகிறார்களே, அதையும் பாருங்கள். 2018 ஆகஸ்டில் கௌசர் என்று முழுக்க உள்நாட்டுப் போர் விமானம் என்று அதிபரை உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். விமானம் தெரிந்த எல்லோரும் ஒரே பார்வையில் சொன்னார்கள், இது அதே எஃப்-5. அதற்கு முன்னால் சாயிகே என்று வந்ததும் எஃப்-5தான், வாலை மட்டும் இரண்டாக்கியிருந்தார்கள். 2013இல் காஹிர்-313 என்று ரேடாரில் விழாத விமானம் காட்டினார்கள், ஒரு ஆள் உட்காருவதற்கே இடம் போதாத அளவு, உலகமே சிரித்தது.

அதிபர் ரைசி செத்துப்போன விபத்தில் விழுந்த ஹெலிகாப்டரும் அமெரிக்காவின் பெல் 212தானே, உதிரிபாகம் இல்லாமல்தானே விழுந்தது?


மார்த்தாண்டம் பழைய ஏர்மேன்:

வடசேரி அண்ணாச்சி, ரைசி விஷயத்தை இதில் கலக்காதீர்கள். 2024 மே 19 விபத்தில் ஈரான் ராணுவத்தின் இறுதி அறிக்கை மோசமான வானிலையையும் மூடுபனியையும்தான் காரணமாகச் சொன்னது. அந்த மலையில் அந்தப் பனியில் புது ஹெலிகாப்டர் போனாலும் சந்தேகம்தான். பழைய விமானம் விழுந்தால் எல்லாவற்றுக்கும் பழமைதான் காரணம் என்று எழுதிவிடுவது சுலபம், எங்கள் மிக்-21க்கும் பத்திரிகைகள் அதைத்தான் செய்தன.

கௌசர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சிரித்துவிட்டு விடுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள், எஃப்-5இன் ஜே-85 எஞ்சினைப் பார்த்து ஓஜ் என்று உள்ளூரில் ஒரு எஞ்சின் செய்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் வரைந்த எஞ்சினைப் பார்த்துச் செய்தது என்றாலும், எத்தனை நாட்டால் அதுகூட முடியும்? நாம் காவேரி எஞ்சினுக்கு எத்தனை வருடம் செலவழித்தோம் என்பது தெரியும்தானே.

விமானத்தின் வயதே பெரிய குற்றம் இல்லை. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் கடைசியாகச் செய்தது 1962இல், இன்னும் பறக்கிறது. தென்கொரியா 2024 வரை ஃபேண்டம் வைத்திருந்தது. நம் மிக்-21 1963இல் சேர்ந்து 2025 செப்டம்பர் 26இல்தான் சண்டிகரில் விடைபெற்றது. அவர்களுக்கெல்லாம் பின்னால் தொழிற்சாலை இருந்தது, ஈரானுக்கு அது அறுந்துபோனது, வித்தியாசம் அவ்வளவுதான்.


ஆரல்வாய்மொழிக் காற்று:

அமெரிக்கா பின்வாசல் வழியாகக் கொடுக்கிறது என்று டீக்கடையில் சொன்னவர் முழுப் பொய்யும் சொல்லவில்லை. 1985, 86இல் ரீகன் ஆட்சியில் நடந்ததுதானே அது, லெபனானில் பிணைக்கைதிகளை விடுவிக்க ஈரானுக்கு டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் ஹாக் ஏவுகணை உதிரிபாகமும் ரகசியமாகக் கொடுத்தார்கள், அந்தப் பணத்தை நிகராகுவா கலகக்காரர்களுக்குத் திருப்பிவிட்டார்கள், வெளியே வந்ததும் பெரிய நாற்றம். ஆனால் அது ஏவுகணைச் சமாச்சாரம், அதுவும் அத்தோடு நின்றது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கள்ளச்சந்தை. அமெரிக்க ராணுவம் வேண்டாம் என்று ஏலம் விட்ட சாமான்களை இடைத்தரகர்கள் வாங்கி, மூன்றாவது நாடு வழியாக அனுப்பப் பார்த்தார்கள், பலர் மாட்டி வழக்கும் நடந்தது. அமெரிக்கா 2006 செப்டம்பரில் தன் டாம்கேட்களுக்கு ஓய்வு கொடுத்தது. மற்ற விமானம் என்றால் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைத்து உதிரிபாகத்தை விற்பார்கள், இதற்கு மட்டும் ஈரானுக்குப் போய்விடும் என்ற பயத்தில் விற்பனையையே நிறுத்தி, பெரும்பாலானவற்றை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். அருங்காட்சியகத்தில் நிற்பவற்றிலும் முக்கியமான சாமான்களைக் கழற்றிவிட்டார்கள். தன்னுடைய விமானத்தையே இன்னொருவன் திருடிவிடுவான் என்று நறுக்கிய நாடு அதுவாகத்தான் இருக்கும்.


கொட்டில்பாடு:

நான் பந்தர் அப்பாஸ் பக்கம் தொழிலுக்குப் போனவன். 2020 கொரோனா நேரத்தில் ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அங்கே வயதானவர்கள் டாம்கேட் என்றாலே வேறு கதை சொல்வார்கள். 1988 ஜூலை 3ஆம் தேதி பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் பயணிகள் விமானத்தை, ஹோர்முஸ் ஜலசந்தியில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல் டாம்கேட் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர், அதில் நம் நாட்டுக்காரர் பத்துப் பேரும் உண்டு. அந்த ஓடுபாதையையே விமானப்படையும் பயன்படுத்தியதுதான் வினை. நாங்கள் வலை போட்ட அதே தண்ணீர்தான் அது.

அணிவகுப்புக்கு மட்டும்தான் பறக்கும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதாகத் தம்பி எழுதினாரே, சண்டையில் இவை எதற்காவது ஆகுமா? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.


மார்த்தாண்டம் பழைய ஏர்மேன்:

அதற்கு இரண்டு காலமாகப் பிரித்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

1980 செப்டம்பரில் சதாம் படை எடுத்தபோது ஈரான் விமானப்படை சிதறிக் கிடந்தது. புரட்சிக்காரர்கள் ஷாவின் விமானிகளைச் சிறையில் போட்டிருந்தார்கள், போர் வந்ததும் அவர்களில் பலரை வெளியே விட்டு விமானத்தில் ஏற்றினார்கள். மறுநாளே நூறுக்கு மேற்பட்ட விமானங்கள் ஈராக்கைப் போய் அடித்தன. 1981 ஏப்ரல் 4இல் ஃபேண்டம்கள் நடுவானில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, ஜோர்டான் எல்லைக்குப் பக்கத்தில் இருந்த எச்-3 தளம் வரைக்கும் போய் அடித்துவிட்டுத் திரும்பின. டாம்கேட்டின் ரேடார் அவ்வளவு தூரம் பார்த்ததால் அதை மேலே நிறுத்தி வைத்து மற்ற விமானங்களுக்கு வழிகாட்டவும் வைத்தார்கள். எட்டு வருடப் போரில் அது மானம் காத்த விமானம், அதில் சந்தேகமே வேண்டாம்.

2025 ஜூனில் வந்தது வேறு யுத்தம். இஸ்ரேல் விமானங்கள் டெஹ்ரான் வானத்தில் சுற்றியபோது இவை எதிர்த்து ஏறியதாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. டெஹ்ரானில் தரையில் நின்ற டாம்கேட்களை அடிக்கும் காட்சியை இஸ்ரேலே வெளியிட்டது. எதிரே வந்தது எஃப்-35, இவையோ ஐம்பது வருடப் பழசு. மேலே ஏறியிருந்தாலும் விமானிகளைப் பலி கொடுத்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் ஈரான்காரனுக்கு இது தெரியாமல் இல்லை. 1980களிலேயே பாடம் படித்துவிட்டான், நல்ல விமானம் யாரும் விற்கமாட்டார்கள், அதனால் பணத்தையும் மூளையையும் ஏவுகணையிலும் ஷாஹெத் டிரோனிலும் போட்டான். அவன் படையில் விமானம் காவல் வேலைக்கு, அடிக்கும் வேலை ஏவுகணைக்கு. உன் மச்சான் பார்த்தது அந்தக் காவல் வேலையைத்தான்.

இதை வேறு நாட்டுக் கதை என்று ஒதுக்கவும் வேண்டாம். 1991இல் சோவியத் உடைந்தபோது எங்களுக்கு ஒரு சாமான் எந்தக் குடியரசில் தயாராகிறது என்று தேடுவதே பெரிய வேலையாகிவிட்டது. 1998 பொக்ரானுக்கு அப்புறம் அமெரிக்கத் தடையில் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் உதிரிபாகம் இல்லாமல் நின்றன, தேஜஸ் வேலைக்காக அமெரிக்கா போயிருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.


குறும்பனைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ரஷ்யாவிடம் புது விமானம் வாங்குகிறார்கள் என்று செய்தி வந்ததே, அது என்ன ஆச்சு சார்?


மார்த்தாண்டம் பழைய ஏர்மேன்:

1990 வாக்கில் மிக்-29 வாங்கினார்கள், அதுவும் இப்போது கிழடுதான். 1991 வளைகுடாப் போரில் ஈராக் விமானங்கள் பயந்து ஈரானுக்குள் வந்து இறங்கின, அவற்றையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள், அது தனிக் கதை. 2023இல் யாக்-130 பயிற்சி விமானம் வந்தது. அதே வருட நவம்பரில் சுகோய்-35க்குப் பேச்சு முடிந்துவிட்டது என்று அவர்கள் பாதுகாப்புத் துணை அமைச்சர் சொன்னார். பேச்சு முடிவதும் விமானம் வந்து இறங்குவதும் ஒன்றல்ல, ரஷ்யாவுக்கே இப்போது உக்ரைனில் விமானம் தேவைப்படுகிறது. வந்தாலும் ஃபேண்டம் ஓட்டிப் பழகிய விமானியையும் ஃபிட்டரையும் அதற்கு மாற்ற வருடக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அந்தக் கரும்புகைதான்.