பைமார்க் ஸ்கிரிப்ட் 211 ரெக்கார்டோட நின்னுடுது, எரரே காட்டல – உதவி தேவை

கேட்டவர்: நூலகன்77

வணக்கம் நண்பர்களே. காலேஜ் லைப்ரரில வேலை பார்க்கிறேன், பைத்தான் யூடியூப் பார்த்து கத்துக்கிட்டது தான், தப்பா எதாவது சொன்னா மன்னிச்சுக்கோங்க. பழைய சாஃப்ட்வேர்ல இருந்து கேட்டலாக் முழுசையும் ஒரே மார்க் ஃபைலா (MARC, நூலக ரெக்கார்டுக்கான ஃபைல் வடிவம்) எக்ஸ்போர்ட் எடுத்து கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேருக்கு மாத்தணும், சுமார் 18,600 ரெக்கார்ட். ஏத்துறதுக்கு முன்னாடி 245-ங்கிற ஃபீல்டுல தலைப்பு, 020-ல ஐஎஸ்பிஎன் எல்லாம் சுத்தம் பண்ண பைமார்க் (மார்க் ஃபைலை படிக்கிற பைத்தான் தொகுப்பு) வச்சு ஒரு லூப் எழுதினேன். முதல்ல 212-வது ரெக்கார்ட்ல 'நன்டைப்' எரர் வந்து நின்னுச்சு. சரின்னு ட்ரை-எக்செப்ட் போட்டு எக்செப்ட்ல பாஸ் குடுத்தேன், அதாவது எரர் வந்தா கண்டுக்காம போன்னு. இப்ப எரர் இல்ல, ஸ்கிரிப்ட் 'முடிஞ்சது'ன்னு பிரிண்ட் பண்ணிட்டு வெளிய வந்துடுது, ஆனா அவுட்புட் ஃபைல்ல 211 தான் இருக்கு. மீதி பதினெட்டாயிரம் எங்க போச்சு? திங்கக்கிழமை பிரின்சிபாலுக்கு காட்டணும் வேற.

பைட்டுபாண்டி:

மொதல்ல அந்த பாஸை எடுங்க சார், உங்களுக்கு சேதி சொல்ல வந்தவன் வாயை பொத்தி அனுப்பிட்டீங்க. பைமார்க் 4-ல இருந்து கெட்ட ரெக்கார்ட் வந்தா எக்செப்ஷன் எறியாது, ரெக்கார்டுக்கு பதிலா நன் (None, அதாவது 'ஒண்ணுமில்ல') தான் குடுக்கும். அதனால லூப்ல முதல் வேலையா நன்னான்னு பாருங்க, நன்னா இருந்தா ரீடரோட (பைமார்க்ல ஃபைலை படிக்கிற பகுதி) கரண்ட் எக்செப்ஷன், கரண்ட் சங்க் ரெண்டையும் எடுத்து தனி ஃபைல்ல எழுதுங்க. முதல்ல சொன்னதுல காரணம் இருக்கும், ரெண்டாவதுல அந்த ரெக்கார்டோட பச்சை பைட்டு அப்படியே இருக்கும். சில எரர் ஃபேட்டல் வகை, அது வந்தா ஒரு நன் குடுத்துட்டு ரீடரே கடையை சாத்திடும். உங்களுக்கு நடந்தது அதுதான்னு நினைக்கிறேன். ஒண்ணு பார்த்து சொல்லுங்க, முதல் 211-ம் இங்கிலீஷ் புக்கா? 212 தமிழா?

நூலகன்77:

சார் எப்படி கண்டுபிடிச்சீங்க!! ஆமா, 212 தான் முதல் தமிழ் புக், ஏதோ திருக்குறள் உரை. எக்செப்ஷன்ல 'எண்ட் ஆஃப் ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட்'னு இருக்கு.

பைட்டுபாண்டி:

அப்ப கேஸ் முடிஞ்சது. மார்க் ரெக்கார்டோட லீடர், அதாவது தலைப்பகுதி, 24 கேரக்டர், அதுல முதல் 5 இடம் மொத்த நீளம், அந்த நீளம் பைட்டுல இருக்கணும். உங்க பழைய சாஃப்ட்வேர் பைட்டை எண்ணாம கேரக்டரை எண்ணியிருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணு தான், அதனால 211 வரைக்கும் தப்பிச்சீங்க. 'தமிழ்'ங்கிற சொல்லை எடுத்துக்கோங்க, கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோட்ல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு 5, யுடிஎஃப்-8-ல (யூனிகோடை பைட்டா சேமிக்கிற முறை) ஒவ்வொண்ணும் 3 பைட்டுன்னு 15. ஒரே ஒரு சொல்லுக்கு 10 பைட்டு குறையுது. ரீடர் குறைஞ்ச நீளத்துக்கு படிச்சிட்டு கடைசி பைட்டை பார்க்கும், ரெக்கார்ட் முடிவு குறி ஹெக்ஸ் 1டி அங்க இருக்காது, அவ்ளோதான்.

நீளத்தை மட்டும் திருத்தினா போதாது. லீடருக்கு அடுத்து வர்ற டைரக்டரில (எந்த ஃபீல்டு எங்க இருக்குன்னு சொல்ற பட்டியல்) ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 12 கேரக்டர், டேக் (245 மாதிரி ஃபீல்டு எண்) 3, நீளம் 4, ஆரம்ப இடம் 5, அந்த கணக்கும் இதே மாதிரி தப்பா தான் இருக்கும். அதனால நீளத்தையே நம்பாதீங்க. ஃபைலை பைனரியா திறந்து 1டி-ல வெட்டுங்க. தமிழ் பைட்டு எல்லாமே ஹெக்ஸ் 80 இல்ல அதுக்கு மேல, அதனால நடுவுல தவறி வெட்டிடுமோன்னு பயம் வேணாம். வெட்டின ஒவ்வொரு துண்டையும் ஃபீல்டு முடிவு குறியான 1ஈ-ல வெட்டினா முதல் துண்டு லீடரும் டைரக்டரியும், மீதி வரிசையா ஃபீல்டுகள், கடைசில காலியா ஒண்ணு வரும் அதை தூக்கிப் போடுங்க. டைரக்டரில இருந்து டேக்கை மட்டும் எடுத்து ஃபீல்டோட ஜோடி சேருங்க. எண்ணிக்கை ஒத்துப்போகலைன்னா அந்த ரெக்கார்டை தொடாம ஓரமா வைங்க.

கேட்டலாக்அக்கா:

பாண்டி சொன்னது சரி, நான் ரெண்டு சேர்த்துக்கிறேன் தம்பி. லீடர்ல 9-வது இடத்தை (0-ல இருந்து எண்ணி) பாருங்க, அங்க சின்ன 'ஏ' இருந்தா யூனிகோட், காலியா இருந்தா மார்க்-8-ங்கிற பழைய எழுத்துக் குறியீடுன்னு அர்த்தம். மார்க்-8-ல தமிழே கிடையாது. எங்க லைப்ரரில இது தெரியாம ஓட்டி ஸ்கிரீன் முழுக்க 'ஏஎஃப் கிடைக்கல, ஏஎஃப் கிடைக்கல'ன்னு ஓடுச்சு, நாங்க வார்னிங் தானேன்னு டீ குடிக்க போயிட்டோம். நம்ம புள்ளியோட நடு பைட்டு தான் ஏஎஃப், புள்ளி இல்லாத தமிழ் ஏது! வந்து பார்த்தா தலைப்பு எல்லாம் கொக்கி போட்ட ஏதோ ஐரோப்பிய எழுத்தும் ஓட்டையுமா இருந்துச்சு. ஸ்கிரிப்ட் கணக்குல எல்லாமே சக்சஸ். அதனால கையோட அங்க 'ஏ' வச்சிடுங்க.

இன்னொண்ணு, பழைய ஆளுங்க பாமினி ஃபான்ட்ல அடிச்ச ரெக்கார்ட் கண்டிப்பா இருக்கும். பார்க்க தமிழா இருந்தாலும் உள்ள பதிவாகிறது வெறும் இங்கிலீஷ் எழுத்து தான், எரரே வராது. 245-ல ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு வரிசையா பார்த்தீங்கன்னா அது 'தமிழ்'. 008-ல மொழி தமிழ்னு இருந்து தலைப்புல ஒரு தமிழ் எழுத்து கூட இல்லாததை மட்டும் தனியா பிரிச்சு பாருங்க, ரோமன்ல அடிச்சதும் அதுல வரும், கண்ணால தான் பிரிக்கணும்.

நேரா கமாண்ட் லைன்ல ஏத்தாதீங்க, கோஹாவுல ஸ்டேஜ் பண்ணி (முதல்ல தற்காலிகமா வச்சுப் பார்த்து) ஏத்துங்க, தப்பா போனா அன்டூ பண்ணிக்கலாம்.

நூலகன்77:

ரெண்டு நாளா லேட், சாரி. 1டி எண்ணினா 18,640. டேக்கும் ஃபீல்டும் ஒத்துவராதது வெறும் 9, எல்லாமே தீசிஸ், யாரோ 520-ல சுருக்கத்துக்கு பதிலா முதல் அத்தியாயத்தையே பேஸ்ட் பண்ணியிருக்காங்க, ஃபீல்ட் நீளம் 4 இலக்கத்தை தாண்டி டைரக்டரியே கோணிப்போச்சு. நடுவுல சப்ஃபீல்டை (ஃபீல்டுக்குள்ள இருக்கிற உட்பிரிவு) வீடியோல காட்டின மாதிரி வெறும் லிஸ்டா குடுத்தேன், பைமார்க் 5 ஏத்துக்கல, மாத்திட்டேன். லீடர் 9 அக்கா சொன்ன மாதிரி காலி தான். பாமினி 912!! அதுக்கு கன்வர்ட்டர் போட்டுட்டு இருக்கேன்.

ஒரு சந்தேகம், இப்ப 9999 பைட்டு தாண்டுற ஃபீல்டு இன்னும் சிலது காட்டுது, முன்னாடி இல்லையே?

பைட்டுபாண்டி:

முன்னாடி கேரக்டர் கணக்குல தப்பிச்சது இப்ப பைட்டு கணக்குல மாட்டுது. தமிழ்ல 3,333 குறி தாண்டினாலே 9999-ஐ தாண்டிடும். மார்க்எக்ஸ்எம்எல்லா (மார்க்கோட எக்ஸ்எம்எல் வடிவம்) எழுதுங்க, அதுல இந்த நீளக் கணக்கே இல்ல, கோஹா வாங்கிக்கும்.

நூலகன்77:

ஏறிடுச்சு சார்! 212-வது தலைப்பு கொம்பு புள்ளி எல்லாத்தோட சரியா தெரியுது. அந்த 9 தீசிஸ் மட்டும் பீரோவுல பழைய கார்டு இருக்கு, பார்த்து கையால அடிச்சுக்கிறேன்.